முறையீட்டுக்கும் ஒரு பருவம் உண்டு

எமது நிலையத்துக்கு வரும் விவசாயக் குடும்பங்களின் கையில் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய நிவாரண அட்டை, காணி உறுதியின் மங்கிப்போன பிரதி, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் என்பன அதற்குள் இருக்கும். பல இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்த பை அது. வீடு போயிற்று, மாடு கன்று போயிற்று, நீர் இறைக்கும் இயந்திரம் போயிற்று. பை மட்டும் போகவில்லை.

அவர்கள் சொல்வதை நாம் கேட்கிறோம். ஒருவருடைய வயலுக்குப் போகும் பாதையை மறித்து வேலி போட்டுவிட்டார்கள். இன்னொருவரின் பெயர் மீள்குடியேற்றப் பட்டியலில் இருந்து காரணம் சொல்லாமல் வெட்டப்பட்டுவிட்டது. வேறொருவரின் மகனை விசாரணைக்கென்று கூட்டிச் சென்று மூன்று நாள் வைத்திருந்து அடித்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்.

"இது எப்ப நடந்தது?"

"போன மாரிக்கு முந்தி, ஐயா."

"எழுத்திலை ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை, வாயாலை சொன்னனாங்கள். பாப்பம் எண்டு சொன்னவை."

இந்தப் "பாப்பம்" என்ற சொல்லுக்குள் எமது மக்களின் எத்தனையோ உரிமைகள் புதைந்து கிடக்கின்றன. நீதிமன்றத்தில் வாதாடித் தோற்ற உரிமைகளைவிட, நீதிமன்றத்தின் படியையே மிதிக்காமல் காலம் கடந்து செத்துப்போன உரிமைகளே எம்மிடையே அதிகம். விதைப்புக் காலத்தைத் தவறவிட்ட வயலுக்கு எவ்வளவு உரம் போட்டாலும் பயனில்லை என்பது விவசாயிக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முறையீட்டுக்கும் அப்படியொரு பருவம் உண்டு என்பதையும், அந்தப் பருவம் மிகக் குறுகியது என்பதையும், அதை இப்படிக் குறுக்கி வைத்திருப்பது இடம்பெயர்ந்த மக்களுக்கு இழைக்கப்படும் இன்னோர் அநீதி என்பதையுமே இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

துன்பம் வேறு, உரிமை மீறல் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எமக்கு நேரும் துன்பங்கள் எல்லாம் உரிமை மீறல்கள் அல்ல. மழை பொய்த்தால் அது துன்பம். வெள்ளம் வந்து பயிரை அழித்தால் அதுவும் துன்பம். ஆனால் வெள்ள நிவாரணம் வழங்கும்போது, ஒரே அளவு பாதிக்கப்பட்ட இரு குடும்பங்களில் ஒன்றுக்குக் கொடுத்து, மற்றதை "நீங்கள் இந்த ஊர் ஆக்கள் இல்லை" என்று அதிகாரி திருப்பி அனுப்பினால், அது துன்பம் மட்டுமல்ல. அது உரிமை மீறலாக இருக்கக்கூடும். முன்னையதற்கு ஆறுதல் தேடலாம். பின்னையதற்குப் பதில் கேட்கலாம்.

நீண்டகாலம் முகாம்களில் வாழ்ந்ததால் எமக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. தருவதை வாங்கிக்கொள்வது, தராவிட்டால் பேசாமல் இருப்பது, எல்லாவற்றையும் "எங்கட தலைவிதி" என்று சொல்லி முடித்துவிடுவது. நிவாரணத்தைச் சலுகையாக எண்ணியவர்களுக்கு உரிமையும் சலுகை போலவே தோன்றத் தொடங்கும். இந்த மனநிலை மாறாதவரை எந்தச் சட்டமும் எம்மைக் காப்பாற்றாது.

1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு அதன் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. விவசாயக் குடும்பம் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டியவை அவற்றுள் சில. எவரையும் சித்திரவதை செய்யவோ கொடூரமாக, இழிவாக நடத்தவோ கூடாது என்கிறது 11ஆம் உறுப்புரை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றும், இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் முதலியவற்றைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டலாகாது என்றும் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. கைது செய்தால் காரணம் கூற வேண்டும், சட்டப்படி நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பது 13ஆம் உறுப்புரை. விரும்பிய தொழிலைச் செய்யவும், நாட்டுக்குள் எங்கும் நடமாடவும், விரும்பிய இடத்தில் வசிக்கவும் உள்ள சுதந்திரங்களை 14ஆம் உறுப்புரை தருகிறது.

ஆனால் ஒரு முக்கியமான குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியலில் சொத்துரிமை என்று தனியாக ஓர் உரிமை இல்லை. "எனது காணியை எடுத்துவிட்டார்கள்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அடிப்படை உரிமை மனுவில் வெல்வது கடினம். "மற்றவர்களை ஒருவிதமாகவும் என்னை இன்னொரு விதமாகவும் நடத்தினார்கள்", "சட்டத்தில் சொன்ன நடைமுறையைப் பின்பற்றாமல் எடுத்தார்கள்", "எனது தொழிலையும் குடியிருப்பையும் பறித்தார்கள்" என்று 12ஆம், 14ஆம் உறுப்புரைகளின் வழியாகவே அதை எடுத்துச் செல்ல வேண்டும். இதை விளங்கிக்கொண்டால், முறைப்பாடு எழுதும்போது எதை அழுத்தி எழுத வேண்டும் என்பதும் விளங்கும்.

எந்தக் கதவு எதற்கு?

கச்சேரிக்குப் போக வேண்டிய அலுவலுக்குப் பொலிசுக்கும், பொலிசுக்குப் போக வேண்டிய அலுவலுக்குப் பாராளுமன்ற உறுப்பினரிடமும் அலைந்து காலத்தைத் தொலைத்தவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். எந்த அநீதிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம்.

அரச அதிகாரியோ, பொலிசோ, படையினரோ, அரச நிறுவனம் ஒன்றோ அடிப்படை உரிமையை மீறினால் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு நேரடியாக மனுச் செய்யலாம். இதற்கு வழிசெய்வது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. மீறல் நடந்த பின்னர் மட்டுமல்ல, நடக்கப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தாலும் மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். இந்த ஒரு மாதத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு கைத்தடி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அங்கு தமிழில் முறைப்பாடு செய்யலாம், கட்டணம் இல்லை. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருக்கிறது என்பதற்குச் சான்று காட்டும்படி நீதிமன்றம் கேட்பதுண்டு. எனவே முறைப்பாட்டு இலக்கத்தையும், விசாரணை பற்றி ஆணைக்குழு அனுப்பும் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அதிகாரி ஒருவர் தமக்கில்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தினால், அல்லது செய்ய வேண்டிய கடமையைச் செய்ய மறுத்தால், எழுத்தாணை கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். மாகாண சபைக்குரிய விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரம் உண்டு. ஒருவர் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டாலோ, கொண்டு செல்லப்பட்டபின் இருக்குமிடம் தெரியாமற் போனாலோ ஆட்கொணர்வு மனுச் செய்ய வேண்டும். அதை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே செய்யலாம்.

இவையெல்லாம் அரசின் செயல்களுக்கு எதிரானவை. அயலவனோ வேறொரு தனியாளோ எமது காணிக்குள் புகுந்துகொண்டால் அடிப்படை உரிமை மனு உதவாது. அத்தகைய தகராறு சண்டை சச்சரவாக மாறும் நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் வழக்கிடலாம். வழக்கிடுவதற்கு முந்திய 2 மாதங்களுக்குள் காணியில் இருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் இருத்தும்படி நீதவான் கட்டளையிடலாம். 2 மாதம் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்ட உரித்து வழக்குத்தான் மிஞ்சும். இங்கும் காலமே எமக்குக் காவல், காலமே எமக்குப் பகை.

இன்னோர் உண்மையையும் நேர்மையாக ஏற்க வேண்டும். எமக்கு நடந்த அநீதிகள் எல்லாவற்றையும் அரசு செய்யவில்லை. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு, எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட சிலவற்றோடு புத்தளத்துக்குப் போனவர்களிலும் விவசாயிகள் இருந்தார்கள். அடிப்படை உரிமை மனு என்ற கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை, ஏனெனில் அது அரசின் செயலுக்கு எதிரான கதவு. அநீதி செய்தவர் யார் என்பதைப் பொறுத்து அநீதியின் கனம் குறைவதில்லை. ஆனால் பரிகாரம் மாறுகிறது. இது சட்டத்தின் பெரிய ஓட்டை.

தட்டியவர்களுக்குத் திறந்த கதவுகள்

"கோடும் வழக்கும் எங்களுக்குச் சரிவராது, அது படிச்ச ஆக்களுக்கும் காசுக்காரருக்கும்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். முற்றிலும் தவறான பேச்சு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் முற்றிலும் சரியும் அல்ல.

அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவங்களை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து அகழ்வதற்கு அரசாங்கம் முயன்றது. திட்டம் நிறைவேறியிருந்தால் ஏறக்குறைய 12,000 மக்கள் இடம்பெயர நேர்ந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அவ்வூரில் வயலும் தென்னையும் வைத்துப் பிழைத்த சிலரும் ஒரு பௌத்த பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். சமத்துவம், தொழில் செய்யும் சுதந்திரம், வசிப்பிடத்தைத் தெரிந்துகொள்ளும் சுதந்திரம் ஆகிய உரிமைகளுக்கு ஆபத்து நேர்ந்துள்ளது என 2000 ஜூனில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் நடைபெறும்வரை உடன்படிக்கை செய்யத் தடை விதித்தது. அவர்கள் சிங்கள விவசாயிகள், நாம் தமிழ் விவசாயிகள். ஆனால் அன்று அவர்கள் வென்றெடுத்த தீர்ப்பை நாளை எமது சட்டத்தரணியும் எமக்காக எடுத்துக்காட்டலாம். எப்பாவலைக்காரர் வரப்புக் கட்டியது எமது வயலுக்கும் சேர்த்துத்தான்.

வவுனியாவில் பாஸ் நடைமுறை இருந்த காலத்தை எமது வாசகர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். முகாமுக்கு வெளியே வேலைக்குப் போகவும் பாஸ், வைத்தியசாலைக்குப் போகவும் பாஸ். பெரியவர்களும் அறிஞர்களும் அறிக்கை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சிதம்பரபுரம் முகாமில் வாழ்ந்த இடம்பெயர்ந்த ஒருவர் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். நடமாடும் சுதந்திரம் மீறப்பட்டதென 2002இல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கட்டடமோ காணியோ கையில் இல்லாமல் முகாமில் இருந்த ஒருவர் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் வென்றார் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே பொது அமைப்பொன்றின் மனுவின்மேல் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. உடனே அசைந்தால் நீதியும் சில வேளைகளில் உடனே அசையும்.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வடமாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை உள்ளவர்கள் 3 மாதங்களுக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அவை அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்று சொன்னது. யோசித்துப் பாருங்கள். உறுதி எரிந்துபோன விதவை, தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் தம்பி, கடல் கடந்து போன மகன், இவர்கள் எல்லாரும் 3 மாதத்துக்குள் ஒன்றுசேர்ந்து எப்படி உரிமை கோருவது? எதிர்ப்பு எழுந்தது, மனுவும் போடப்பட்டது. 3 மாதம் முடிவதற்கு ஒரு நாள் முன்னதாக, ஜூன் 27ஆம் திகதி, உயர் நீதிமன்றம் அந்த அறிவித்தலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஒரு நாள் எத்தனை குடும்பங்களின் காணி என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடிகாரம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை

இனி எமது மனத்திலுள்ள கசப்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் என்ற வரையறை யாருக்காக எழுதப்பட்டது? கொழும்பில் அலுவலகம் வைத்திருப்பவருக்கு ஒரு மாதம் போதும். அவர் காலையில் சட்டத்தரணியைக் கண்டு மாலையில் மனுவைத் தயாரித்துவிடுவார். கிளிநொச்சியின் ஒரு மூலையிலோ, மூதூரிலோ, முசலியிலோ இருக்கும் கூலி விவசாயிக்கு? நடந்தது உரிமை மீறல் என்று விளங்கவே ஒரு மாதம் போய்விடும். பயம் தெளிய இன்னொரு மாதம். கொழும்பு போய்வரக் காசு தேட ஓர் அறுவடை. மனுவும் சத்தியக்கடதாசியும் ஆங்கிலத்திலேயே பெரும்பாலும் தயாராகின்றன. தான் கையொப்பமிட்ட கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாத நிலையில் ஒருவர் தனது உரிமையைக் கேட்கிறார்.

நீதிமன்றம் இந்தக் கால எல்லையைச் சில வழக்குகளில் இளக்கமாகப் பார்த்திருக்கிறது என்பது உண்மை. தடுப்புக் காவலில் இருந்தவர்களுக்கும், தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் மீறல்களுக்கும் அவ்வாறு இளக்கம் காட்டப்பட்டதுண்டு. வசதியற்ற ஒருவர் எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்பதற்கும் 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளில் இடமுண்டு. ஆனால் இவை நீதிபதியின் தயவிலும் தற்றுணிபிலும் தங்கியவை. தயவை நம்பி விதைக்க முடியாது.

வாசல் திறந்த பின்னும் வழி நீண்டதே. அடிப்படை உரிமை மனுவை 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. 2009 மே மாதத்தில் படையினரிடம் கையளிக்கப்பட்டபின் காணாமற் போனவர்கள் சிலருக்காக 2013இல் தாக்கல் செய்யப்பட்ட ஆட்கொணர்வு மனுக்களில், அவர்களை முன்னிலைப்படுத்தும்படி வவுனியா மேல் நீதிமன்றம் கட்டளையிட்டது 2022 டிசம்பரில். மக்களுக்கு ஒரு மாதம், அரசுக்கு ஒன்பது ஆண்டு. இதை நீதி என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

ஆகவே எமது கோரிக்கைகள் இரண்டு. முதலாவது, ஒரு மாதம் என்ற எல்லை நீடிக்கப்பட வேண்டும், இடம்பெயர்ந்தோர் போன்ற இயலாநிலையில் உள்ளோருக்குச் சட்டத்திலேயே விதிவிலக்கு எழுதப்பட வேண்டும். இரண்டாவது, அடிப்படை உரிமை வழக்குகளைக் கேட்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் வழங்கப்பட வேண்டும். காலத்தை நீட்டினால் வழக்குகள் குவிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வழக்குகள் குவிவது வழக்காளியின் குற்றமன்று, மீறல்கள் குவிவதன் அடையாளம். மாகாணங்களில் நீதிமன்றங்களைத் திறந்தால் கொழும்பின் சுமையும் குறையும்.

இது நடக்க முடியாத கோரிக்கை அல்ல. ஒருவர் 10 ஆண்டு தடையின்றி ஆட்சி செய்த காணிக்கு உரிமை கோரலாம் என்ற பழைய சட்டம் இடம்பெயர்ந்தோருக்கு எதிராக வேலை செய்ததைக் கண்டு, 2016ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயுத நடவடிக்கைகளால் தமது காணி உரிமையை நிலைநாட்ட முடியாமற் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். தத்தம் வழக்குக்கு அது பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும். ஆனால் அதற்குள் இருக்கும் தத்துவம் பெரிது. ஊரில் இருந்தவனுக்கும் ஊரை விட்டு ஓடியவனுக்கும் காலம் ஒரேவிதமாக ஓடுவதில்லை என்பதைப் பாராளுமன்றமே ஏற்றுக்கொண்டுள்ளது. காணிக்கு ஏற்ற தத்துவம் உயிருக்கும் மானத்துக்கும் ஏன் ஏற்காது?

சட்டம் மாறும்வரை நாம் செய்ய வேண்டியது

சட்டம் மாறும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு எதுவாயினும் அதற்குள் வாசிக்க எழுதத் தெரிந்த இருவரைத் தெரிவுசெய்து, முறைப்பாட்டுப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது, ஏனெனில் பெண்களுக்கு நேரும் பல அநீதிகள் ஆண்களிடம் சொல்லப்படுவதில்லை.

ஏதும் நடந்தால் அன்றைக்கே எழுதுங்கள். திகதி, நேரம், இடம், யார் செய்தார், சீருடை அல்லது வாகன இலக்கம், என்ன சொன்னார், யார் கண்டார். அலங்காரம் வேண்டாம், கோபமும் வேண்டாம். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். அடிபட்டிருந்தால் அரச வைத்தியசாலைக்குப் போய் எப்படிக் காயம் ஏற்பட்டது என்பதை வைத்தியரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பயத்தில் "விழுந்திட்டன்" என்று சொன்னால், பிறகு அந்தச் சொல்லே எமக்கு எதிராக நிற்கும்.

அதிகாரியிடம் வாயால் மட்டும் சொல்ல வேண்டாம். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வைத்திருங்கள். எந்தத் தீர்மானத்தின்படி காணி எடுக்கப்பட்டது, பட்டியலில் இருந்து பெயர் ஏன் நீக்கப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டாலும், கேட்டதே ஒரு சான்று. ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து மாதத்தைத் தவறவிடக் கூடாது.

காணி சுவீகரிப்பு அறிவித்தல் மரத்திலோ மதிலிலோ ஒட்டப்பட்டால் அதைக் கிழித்துக் கோபத்தைத் தீர்க்க வேண்டாம். படம் எடுங்கள், திகதியைக் குறியுங்கள், ஆட்சேபம் தெரிவிக்க எந்த நாள்வரை அவகாசம் உள்ளது என்று பாருங்கள். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். அவர்களுட் பலர் 1990 முதல் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தவர்கள். 2015இலிருந்து அக்காணிகளில் ஒரு பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. வழக்கு ஒன்றே விடுவித்தது என்று நாம் சொல்லவில்லை. ஆட்சி மாற்றமும் மக்களின் போராட்டமும் அதற்குள் இருந்தன. ஆனால் "இது எமது காணி" என்று நீதிமன்ற ஏட்டில் பெயர் பதிந்திருந்ததால், ஆள் இல்லாக் காணி என்று எவரும் சொல்ல முடியாமற் போயிற்று.

பணவசதி இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகங்களை நாடலாம். "நான் பேசி முடிச்சுத் தாறன்" என்று முற்பணம் கேட்கும் தரகர்களிடம் மூல உறுதியைக் கொடுக்கவே கூடாது. மூலத்தை வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுங்கள். பிரதிகளில் ஒரு தொகுதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் வையுங்கள். பை ஒன்று தொலைந்தால் வாழ்வே தொலைந்துவிடக் கூடாது.

பயம் இருக்கும். பழிவாங்கப்படுவோம் என்ற அச்சம் கற்பனை அல்ல, அனுபவம். அதனால்தான் தனியே போக வேண்டாம் என்கிறோம். ஒரு குடும்பம் முறையிட்டால் அது குடும்பப் பிரச்சினை. ஊர் முழுதும் கையொப்பமிட்டால் அது ஊரின் பிரச்சினை. பாத்தி மாறி நீர் பாய்ச்சும் முறையை ஊராகக் கூடித் தீர்மானிக்கத் தெரிந்த நாம், முறைப்பாட்டையும் ஊராகக் கூடி எழுதலாம்.

எல்லா மனுவும் வெல்லாது. வென்ற தீர்ப்பெல்லாம் நிறைவேறுவதுமில்லை. இதைத் தெரிந்துகொண்டே சொல்கிறோம், எழுதுங்கள். எழுதப்படாத அநீதி நடக்காத அநீதி ஆகிவிடுகிறது. இம்முறை சங்கக் கூட்டத்தில் விதைநெல், உரம், மானியம் பற்றிப் பேசி முடித்த பின், இன்னும் ஒரு பத்து நிமிடம் இருந்து அந்தப் பதிவேட்டைத் தொடங்குங்கள். முதற் பக்கத்தில் திகதியைப் போடுங்கள். அடுத்த முறை ஒருவர் "பாப்பம்" என்று சொல்லும்போது, "சொன்னதை இதிலை எழுதிக் கையொப்பம் வையுங்கோ, ஐயா" என்று கேட்பதற்கு எமது கையில் ஒரு கொப்பி இருக்கட்டும்.